யாருக்கு வேண்டும்?

ஆங்கிலத்தில் 'மஸ்ட்' என்பது ஒரு துணைவினை. அது கட்டாயத்தையும் உணர்த்தும். உய்த்துணரும் துணிபையும் உணர்த்தும். நம் மொழியில் 'வேண்டும்' என்பதும் அத்தகையதே. 'அவன் வரவேண்டும்' என்பது கட்டாயம். 'அவன் வந்திருக்கவேண்டும்' என்பது துணிபு.

ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1813-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' என்னும் புதினத்தின் முதல் வாக்கியத்திலேயே இச்சொல் அமைந்துள்ளது. செல்வமுள்ள இளைஞன் மணமகளைத் தேடுபவனே என்று ஊரார் தாமே துணிந்துகொள்வதை அது காட்டுகின்றது. கதையை மேலும் பயில்வோர் வேறோர் உண்மையைக் காண்பர். பென்னட் என்பவருக்குப் பெண்மக்கள் ஐவர். அவருக்குப் பின் அவருடைய வீடும் நிலமும் காலின்ஸ் என்னும் ஆண் உறவினரையே சேரும். ஆதலின், மணம் புரியவேண்டிய கட்டாயம் செல்வனுக்கு இல்லை. பொருளற்ற மகளிர்க்கே உண்டு. அக்கட்டாயத்தை ஆசிரியர் ஊரார் துணிபினுள் மறைத்து நகையாடுகின்றார்.

பென்னட்டின் மகள் எலிசபெத், காலின்ஸை மணக்க மறுத்தாள். அவள் தோழி சார்லட்டோ, வாழ வழி வேண்டி அவரையே மணந்தாள். ஒருத்திக்கு 'வேண்டா' என்றானது மற்றொருத்திக்கு 'வேண்டும்' என்றாயிற்று.

இலக்கணம் சொல்லின் பொருளை அறிவிக்கும். இலக்கியமோ அச்சொல் யார்மீது சுமையாய் அமர்ந்துள்ளது என்பதை அறிவிக்கும். ஆகவே, 'வேண்டும்' என்று எவரேனும் கூறுங்கால், 'யாருக்கு?' என வினவி அறிதல் கற்போர் கடன்.