கைப்பிடி சில நூறு ரூபாய்தான்... ஆனால் அதை மாட்டும் சுவர் யாருடையது? நீலகிரியில் தனித்து வாழும் முதியவர்களின் கதை

"அம்மா, மழை வேற ஆரம்பிச்சாச்சு. பேசாம இங்க வந்துடு."

"எனக்கென்னப்பா, நான் இங்கயே இருந்துக்கறேன். அங்க வந்து நாலு சுவத்துக்குள்ள என்ன பண்றது?"

கோவை, திருப்பூர், பெங்களூரு என்று வேலைக்குப் போன பிள்ளைகளுக்கும், குன்னூர், கோத்தகிரி, பந்தலூர் பக்கம் இருக்கும் பெற்றோருக்கும் இடையே நடக்கிற வழக்கமான உரையாடல் இது. பெரும்பாலும் ஜெயிப்பது அம்மாதான். அதில் தப்பும் இல்லை. தெரிந்த முகம், தெரிந்த கோயில், வாசலில் நாலு பாத்தி கேரட் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அப்படியென்றால் அந்த வீட்டிலேயே அவர் பத்திரமாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

மலையில் என்ன தனி ஆபத்து?

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

சமவெளியில் விழுவது என்றால் பெரும்பாலும் பாத்ரூமில். மலையில் அந்தப் பட்டியல் கொஞ்சம் நீளம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கவே முப்பது, ஐம்பது படிகள் இருக்கும். ஒரு படி அரை அடி, அடுத்தது ஒரு அடி. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால் படியில் பாசி காய நேரமே கிடைக்காது.

தேயிலைத் தோட்டங்களின் 'லைன்' வீடுகளில் இன்னொரு சிக்கல். வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்களை மனதில் வைத்துக் கட்டிய வரிசை வீடுகள் அவை. பல இடங்களில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே தனியாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் இருட்டு, பனி, ஈரத்தரை ஆகியவற்றோடு கரடியோ காட்டுமாடோ நிற்குமோ என்ற பயமும் சேரும். கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் யானை. பயத்தில் எடுத்து வைக்கிற வேகமான நடைதான் பலரைக் கீழே தள்ளுகிறது.

இந்த வார இறுதியில் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அவர் வேகத்தில் நடந்து பார்க்க வேண்டும். எங்கே கை தானாக எதையாவது பிடிக்கத் தேடுகிறதோ, அங்கே கைப்பிடி தேவை.

முதலில் வெளிச்சம். காற்று மழையில் கரண்ட் போவது மலையில் சகஜம். அதனால் கரண்ட் போனாலும் எரிகிற ரீசார்ஜ் பல்பு ஒன்று வீட்டுக்குள் வேண்டும். ஆள் நடந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு ஒன்று வெளிப்பாதைக்கு.

அடுத்தது படி. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின்படி, ஒரு படியின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கால் வைக்கும் இடம் 30 செ.மீ. இருக்க வேண்டும். எல்லாப் படியும் ஒரே அளவில் இருப்பது அதைவிட முக்கியம். பக்கவாட்டில் 76 முதல் 90 செ.மீ. உயரத்தில் கம்பி வேண்டும். கடைசிப் படியோடு நிறுத்திவிடாமல் அதைத் தாண்டியும் ஓர் அடி நீட்டினால், தரையில் கால் ஊன்றும்வரை பிடிப்பு இருக்கும். படி ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் பட்டை அடித்தால் பனிமூட்டத்திலும் தெரியும்.

கழிப்பறையில் எழுந்திருக்கக் கைப்பிடி. துண்டு போடும் ராடு அதற்கு ஈடாகாது, உடல் எடையைத் தாங்காது. பழைய லைன் வீட்டின் சுவர் கல்லும் மண்ணுமாக இருந்தால் ஸ்க்ரூ பிடிக்காமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் தரையில் ஊன்றுகிற இரும்புக் கம்பியே பாதுகாப்பு. கழிப்பறை வெளியே இருக்கும் வீட்டுக்கு, ராத்திரிக்கு மட்டும் கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு சேர். முதலில் "ச்சீ, வேண்டாம்" என்பார்கள். பழக ஒரு வாரம் ஆகும்.

விழுவது மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. டிசம்பர், ஜனவரியில் உறைபனி கொட்டும்போது கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கும் பழக்கம் மலையில் உண்டு. அப்படித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கங்கு எரியும்போது வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. புகை இல்லையே என்று நம்புவதுதான் ஆபத்து. படுக்கும் முன் அடுப்பு வெளியே போயாக வேண்டும். கம்பளி, வெந்நீர்ப் பை, காலுக்கு ரப்பர் அடி வைத்த சாக்ஸ் போதும்.

சரி, சுவர் யாருடையது?

இதுவரை சொன்னது எல்லாம் சொந்த வீடு இருப்பவர்களுக்கு. தோட்டத் தொழிலாளர்களின் கதை வேறு.

1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. 1976இல் அதுவே தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது 'டான்டீ' ஆனது. இளம் வயதில் கப்பலேறி வந்தவர்கள் இன்று 70 வயதைத் தொட்டுவிட்டார்கள், சிலர் தாண்டியும் விட்டார்கள்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை நிர்வாகத்தின் கடமை ஆக்கியது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் வேலைக்கு இருந்தால் மட்டுமே அங்கே தொடரலாம். இல்லாவிட்டால் 'எப்போது போகச் சொல்வார்களோ' என்ற நிலை. இ.பி.எப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகையோ மாதம் 1,000 ரூபாய்.

நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வீட்டில் யார் கைப்பிடி மாட்டுவார்கள்? வேலையில் இல்லாதவருக்காக நிர்வாகமும் செலவு செய்யாது. அதனால் தோட்டத்து முதியவருக்கு முதல் பாதுகாப்பு வசதி, அந்த வீட்டில் கடைசிவரை இருக்கலாம் என்ற உத்தரவாதம்தான். கம்பியும் விளக்கும் அதற்கு அப்புறம்.

அரசு எங்கே செலவு செய்கிறது?

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். இரண்டுமே நல்ல விஷயம்தான். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்த பிறகு லட்சங்களில் செலவழிக்கும் அரசு, முறியாமல் தடுக்கும் சில நூறு ரூபாய்க் கைப்பிடிக்கு எந்தத் திட்டத்தில் பணம் தருகிறது?

ஜப்பானில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில் கைப்பிடி பொருத்த, வாசல்படியைச் சமமாக்க, வழுக்கும் தரையை மாற்ற 2 லட்சம் யென் வரையிலான வேலைகளுக்கு உதவி கிடைக்கிறது. அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே இங்கே வராது. இருக்கும் திட்டங்களிலேயே தொடங்கலாம். 'கலைஞரின் கனவு இல்லம்' வீடுகள் 360 சதுர அடியில் கட்டப்படுகின்றன. அந்த வரைபடத்திலேயே கழிப்பறைக் கைப்பிடியைச் சேர்த்தால் பெரிய செலவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் 2021 முதல் பிரஷர், சுகர் பார்க்க வீடு தேடிப் போகிறார்கள். கூடவே படி, விளக்கு, கழிப்பறை என மூன்றையும் பார்த்துக் குறித்து வரச் சொல்லலாம். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை தர வேண்டும். முதலில் அதைச் செய்து காட்ட வேண்டியது அரசே நடத்தும் டான்டீ.

அதுவரை, அம்மாவின் போனில் 108ஐயும் முதியோர் உதவி எண் 14567ஐயும் ஸ்பீட் டயலில் போட்டு வைக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு சென்சார் விளக்கும் பையில் இருக்கட்டும். "எதுக்குப்பா இதெல்லாம்?" என்று அம்மா கேட்பார். மாட்டிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.