சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு

"ஆள் தெரிஞ்சாத்தான்டா வேலை!" பி.காம். கடைசி வருஷ வகுப்பில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பாதி உண்மைதான். ஆனால் எந்த ஆள், எவ்வளவு தெரிந்த ஆள் என்று யாரும் யோசிப்பதில்லை.

மாமா ஆடிட்டர், சித்தப்பா பேங்க் மேனேஜர் என்று இருக்கும் வீட்டுப் பையனுக்குக் கவலையில்லை. ஒரு போன் போதும். இதற்குப் பெயர் சிபாரிசு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்குப் போன் போட யார் இருக்கிறார்கள்? "நமக்கெல்லாம் யாரைத் தெரியும்" என்று அவள் ஒதுங்கிக்கொள்கிறாள். நெட்வொர்க்கிங் என்பது அதிகம் தேவைப்படுவதே அவளுக்குத்தான். அதற்கு மாமா தேவையில்லை என்பதுதான் விஷயமே!

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் மிகப் பிரபலம். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களை அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 சதவீதம். மிக அபூர்வமாகப் பார்த்தவர்கள் 27.8 சதவீதம். உயிர் நண்பனைவிட, அரைகுறைப் பழக்கம்தான் அதிகம் கைகொடுத்திருக்கிறது.

காரணம் எளிது. ஒரே கேன்டீன் மேஜையில் தினமும் டீ குடிக்கும் ஆறு பேருக்கும் தெரிந்தது ஒரே சேதிகள்தான். புதுச் சேதி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வர முடியும்.

அதற்காக முன்பின் தெரியாத ஆயிரம் பேரை லிங்க்ட்இன்னில் சேர்த்துக்கொண்டால் போதுமா? போதாது. அந்தத் தளத்தின் சுமார் 2 கோடிப் பயனாளர்களை வைத்து ஐந்து வருஷம் நடந்த சோதனைகளின் முடிவு 2022-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. மிக நெருக்கமானவர்களும் இல்லை, சம்பந்தமே இல்லாதவர்களும் இல்லை. நடுத்தரமாகப் பழக்கமானவர்களால்தான் அதிகப் பேர் வேலை மாறியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்கள் யாருக்குத்தான் இல்லை? இரண்டு வருஷ சீனியர், கல்லூரிக்குப் பேச வந்த ஆடிட்டர், டைப்ரைட்டிங் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா... இவர்களிடம் என்ன கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "சார், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்றால் அவரால் "பார்க்கலாம்ப்பா" என்றுதான் சொல்ல முடியும்.

சி.ஏ. இன்டர் முடித்து ஆர்ட்டிகிள்ஷிப் தேடும் மாணவியை எடுத்துக்கொள்வோம். 2023-ல் வந்த புதிய திட்டப்படி இந்தப் பயிற்சி மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. தவறான ஆபீஸில் மாட்டினால் இழப்பு இன்னும் பெரிது. ஐம்பது ஆபீஸுக்கு பயோடேட்டா அனுப்பும் முன் ஒரு சீனியரிடம், "அக்கா, உங்க ஆபீஸ்ல ஆடிட் கத்துக்க முடியுமா, ஜி.எஸ்.டி. ஃபைலிங் மட்டும்தானா? பரீட்சைக்கு லீவ் எப்படி?" என்று கேட்கலாம். ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. சொல்பவருக்கும் சங்கடமில்லை. அந்தப் பேச்சிலேயே "எங்க ஆபீஸ்ல அடுத்த மாசம் ஆள் எடுக்கறாங்க" என்பதும் வந்து விழலாம்.

பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. என்ன ஆயிற்று என்று அந்த அக்காவிடம் திரும்பச் சொல்வது. கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. பலர் இதைச் செய்வதில்லை. காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிற ஆள் என்று பெயரெடுத்தால் அடுத்த முறை யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

இதெல்லாம் திறமைக்கு மாற்று கிடையாது. அறிமுகம் இன்டர்வியூ வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போய் ஜர்னல் என்ட்ரி சொல்ல வேண்டியது அவரவர்தான். எல்லா வேலையும் வெளிப்படையாக விளம்பரமானால் இந்தத் தேடலே பாதி குறைந்துவிடும் என்பதும் நியாயமே. ஆனால் அதுவரை, தெரிந்தவர்கள் இல்லாத வீடுகளிலிருந்து முதலில் உள்ளே போனவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. ஜூனியர் மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்காமல், இரண்டு வரி பதில் போடலாமே!