அந்தக் கம்பியைச் செருகுங்கள்

மின்சாரம் நின்றதும் மெழுகுவத்தி எங்கே, தீப்பெட்டி எங்கே என்று தேடிய காலம் போய், இன்று பல இல்லங்களில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. ஆதலால் மூலையில் இருக்கும் ஃபைல் சர்வருக்கும் ஆபத்தில்லை என்று பெற்றோர் எண்ணுகின்றனர். அது தவறு என்பதே எம் கருத்து.

அந்தச் சிறு பெட்டியில் இருப்பவை யாவை? தங்கையின் புதுநன்மைப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், மறைந்த அம்மாச்சி செபமாலை சொல்லும் குரல். படங்களையாவது உறவினரிடம் கேட்டு வாங்கலாம். குரலை யாரிடம் கேட்பது?

'சேமி' என்று நாம் சொன்னவுடன் கோப்பு டிஸ்கில் எழுதப்பட்டுவிடுவதில்லை. வேகத்திற்காகக் கணினி அதைச் சற்று நேரம் தற்காலிக நினைவகத்தில் வைத்திருந்து, பிறகே எழுதுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் அறுந்தால், நினைவகத்தில் இருந்தது மறைந்துபோகும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். இக்காலக் கோப்பு முறைகள் பல, மாற்றங்களை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்வதால், டிஸ்கின் ஒழுங்கைப் பெரும்பாலும் காத்துவிடும். எழுதாமலே போனதை எப்படித் தரும்?

இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்திலேயே சில கணினிகள் அணைந்து எழும். தாங்கிவிட்டாலும், பேட்டரி தீர்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. எந்தப் பேட்டரி அதற்கு ஈடுகொடுக்கும்? ஆகவே சர்வருக்கு வேண்டுவது நெடுநேரம் அன்று; முறையாக அணைவதற்குரிய சில நிமிடங்களே. யூ.எஸ்.பி. இணைப்புள்ள யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி, அந்தக் கம்பியைச் சர்வரில் செருகி, அதற்குரிய அமைப்பையும் செய்துவிட்டால், பேட்டரி குறைகிறது என்று யூ.பி.எஸ். சொல்லும், சர்வர் எழுத வேண்டியதை எழுதி முடித்துத் தானே அணையும். அக்கம்பி அட்டைப் பெட்டியிலேயே உறங்குவதை நாங்கள் சில வீடுகளில் கண்டிருக்கிறோம்! யூ.பி.எஸ்.ஸினுள் இருக்கும் ஈய அமில பேட்டரியும் 3 முதல் 5 ஆண்டுகளில் தளர்ந்துவிடும்.

"இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறேனே" என்பார் அப்பா. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் ஒரே கணத்தில்தானே அணைகின்றன? தனியாக ஒரு பிரதி பெரியப்பா வீட்டில் இருக்கட்டும்.

அந்தப் பிரதியை எடுத்த பிறகு, விடுமுறையில் ஒரு நாள் யூ.பி.எஸ்.ஸுக்கு வரும் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். சர்வர் தானாக அணைகிறதா என்று பக்கத்தில் அமர்ந்து நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.