ராஜா வீட்டில்தான் பிறக்க வேண்டுமா?

"வளர்ந்த பிள்ளைக்கு மாயாஜாலக் கதையா? களத்துக்கு வாம்மா" என்று மாலை வகுப்பில் ஒரு மாணவியைத் தோழர் ஒருவர் கிண்டலடித்தார். அவள் கையில் ஹாரி பாட்டர். ரத்தச் சுத்தம் பேசுகிறவர்களை எதிர்த்து நிற்கும் கதை அது; தோழர் அதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

நம் சனங்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்டதும் இப்படிப்பட்ட கதைகளைத்தானே? மதுரைவீரனையே எடுத்துக்கொள்ளுங்கள். அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போகிறான். மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான். பிறகு சாமியாகிறான். ஆனால் அதில் ஓர் ஒட்டுவேலை உண்டு. பிறப்பால் அவன் ராஜா மகனாம், மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவனாம்! 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அதையே சொன்னது. வீரம் வேண்டுமென்றால் ரத்தம் உசத்தியாக இருக்க வேண்டுமாம். எனக்குக் கோபம் இந்த ஒட்டுவேலை மீதுதான், கதை மீது அல்ல.

நம் மாவட்டத்துக்கு வாருங்கள். 2012 நவம்பர் 7, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு காதல் கல்யாணம்தான் அவர்களுக்குச் சாக்கு. 2013 ஜூலை 4 அன்று தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்த அந்தப் பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் இளவரசன். காலனியில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஒரே சொல்லில் ஒரு தேவதைக் கதை எழுதியிருக்கிறார்கள். அதையும் தப்பித்தல் என்பீர்களா, தோழர்?

எழுதத் தெரிந்த தம்பி தங்கைகளே, காலனியிலேயே பிறந்தவன் ஒருவனைக் குதிரையில் ஏற்றுங்கள். ராஜா அப்பா வேண்டாம். கடைசிப் பக்கத்திலும் கையும் காலும் அவனுக்கு இருக்கட்டும், பொம்மியும் உயிரோடு இருக்கட்டும்.