கரும்பலகையைச் சுருக்கினால் போதுமா?

கல்யாணில் காலை வண்டி ஏறி சி.எஸ்.எம்.டி. வரை நின்றபடியே போகும் குமாஸ்தாவுக்கு 50 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட பயணம். ஒரு கை மேலே பிடியில், மறு கையில் செல்போன். இலாகா தேர்வுக்கோ, பாதியில் விட்ட பட்டப் படிப்புக்கோ அவர் படிக்க நினைத்தால் கிடைக்கிற நேரம் அதுதான். கிடைக்கிற புத்தகமும் அந்தச் செல்போன்தான்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் வசிக்கும் தொழிலாளி வீட்டிலும் இதே நிலைமை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, பாடமெல்லாம் செல்போனில் வந்தது. ஊரடங்கு தளர்ந்து தகப்பனார் வேலைக்குப் புறப்பட்டதும், வீட்டிலிருந்த ஒரே போனும் அவரோடு போயிற்று. பிள்ளையின் பள்ளிக்கூடமும் கூடவே போயிற்று.

பாடங்களுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 2017 இல் மத்திய அரசு 'ஸ்வயம்', 'தீக்ஷா' ஆகிய இரண்டையும் தொடங்கியது. ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' விரிவுரைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழகப் பாடநூல்களில் 2018 இல் கியூ.ஆர். குறியீடு வந்தது. 'தீக்ஷா'வில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் படிக்கலாம். பாராட்ட வேண்டிய ஏற்பாடுகள்தாம், ஐயமில்லை.

ஆனால், இணையத்தில் ஏற்றப்படும் பாடங்களில் எத்தனை செல்போனுக்கென்றே செய்யப்பட்டவை? வகுப்பறையில் கேமராவை நிறுத்தி, ஒரு மணி நேர விரிவுரையைப் பிடித்து, அப்படியே ஏற்றிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. கரும்பலகையில் எழுதிய கணக்கு, ஆறு அங்குலத் திரையில் எறும்பு ஊர்வதுபோலத் தெரிகிறது. எழுத்துப் பாடமோ பி.டி.எப். ஆக வருகிறது. அது அச்சுத்தாளின் அளவுக்குக் கட்டப்பட்ட பக்கம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் முடிவு திரைக்கு வெளியே ஓடிவிடும். அதை விரலால் இழுத்துப் படித்து, அடுத்த வரிக்காக மறுபடி இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். ஒற்றைக் கையால், ஓடும் வண்டியில், நான்கு பேருக்கு நடுவே நின்றுகொண்டு இதைச் செய்து பார்த்தவர்களுக்கே அந்தக் கஷ்டம் புரியும். திரையின் அகலத்துக்கேற்ப வரி தானே மடிந்து வரும் முறை இல்லாமல் இல்லை. சாதாரண இணையப் பக்கமும், 'இ-பப்' நூலும் அப்படித்தான் இயங்குகின்றன. நீளமான சொற்கள் கொண்ட தமிழுக்கு இந்த வசதி அவசியம்.

தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்த பாடங்கள் இன்றைய போனில் வெறும் கிறுக்கலாகவே தெரியும். தமிழக அரசு 2010 இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய பாடங்களை மாற்றித் தருவதற்கு இத்தனை ஆண்டுகள் போதாதா?

'பிளாஷ்' முறையில் செய்த அசையும் படப் பாடங்களின் கதி அதைவிடப் பரிதாபம். அவை ஐபோனில் என்றுமே ஓடவில்லை. ஆண்ட்ராய்டு போன்களுக்கான 'பிளாஷ்' 2012 இல் கைவிடப்பட்டது. 2020 டிசம்பர் 31 உடன் 'பிளாஷ்' மென்பொருளுக்கே முடிவு கட்டிவிட்டார்கள். உழைத்துச் செய்த பாடங்கள் சாவி தொலைந்த டிரங்குப் பெட்டிகளாகிவிட்டன.

செலவையும் பார்க்க வேண்டும். ஓரளவு தெளிவான ஒரு மணி நேர வீடியோ சில நூறு மெகாபைட் தின்னும். அதே விரிவுரையின் ஒலியை மட்டும் நொடிக்கு 32 கிலோபிட் வீதம் பதிந்தால் 14 மெகாபைட்டில் அடங்கிவிடும். சரித்திரம், சட்டம், நிர்வாக விதிகள் போன்றவற்றைக் காதால் கேட்டே படிக்கலாம். கணக்குக்கும் படம் வரைவதற்கும் அது உதவாது, உண்மை. அதற்காக எல்லாப் பாடத்தையும் வீடியோவாகவே கொடுப்பானேன்?

பெரிய திரை கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் சிலர் சொல்லுகிறார்கள். மும்பை மாநகராட்சி 2015 இல் தன் பள்ளிகளின் 8 ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடங்களை நிரப்பிய டேப்லெட் வழங்கியது. புத்தகச் சுமை குறைய வேண்டுமென்ற எண்ணம் நல்லதே. ஆனால் பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் உள்ளே நிரப்பியதும் மாற வேண்டும். (கல்யாண் வண்டியின் நெரிசலில் டேப்லெட்டை வெளியே எடுக்கத் துணிகிறவர் யார் என்பது வேறு விஷயம்.) மடிக்கணினி வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள், அதன் விலையையும் ஒரு கூலித் தொழிலாளியின் மாத வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு பாடம். அதன் முடிவில் கட்டை விரலாலேயே விடை சொல்லக்கூடிய நாலைந்து கேள்விகள். விட்ட இடத்தில் தொடரும் வசதி. கேட்பது இவ்வளவுதான். பாடங்களுக்கு ஒப்புதல் கையெழுத்திடும் அதிகாரிகள், கையெழுத்துக்கு முன்பு ஒரு நாள், விலை மலிந்த போன் ஒன்றை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணி வண்டியில் கல்யாணில் ஏறட்டும். நின்றுகொண்டே முதல் பாடத்தைத் திறக்கட்டும். முலுண்டு தாண்டுவதற்குள் அதைப் படித்து முடிக்க முடிந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம்.