ஐந்தரை அடியில் அங்குலமும் குறையலாகாது

கொழும்பிலே தொடங்கி அவிசாவளை, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை எனச் சுற்றிப் பொத்துவிலுக்கு இறங்கும் பெருந்தெரு, அங்கிருந்து வடக்கே திரும்பிக் கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய ஊர்களின் நடுவே சென்று மட்டக்களப்பில் முடிகிறது. இத்தெருவின் தலைப்பக்கத்தில் ஒரு காலம் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தின்மேல் சிறு புகைவண்டி ஓடிற்று. கடைப்பக்கத்தில், மட்டக்களப்பு நிலையத்தில், ஐந்தரை அடி அகலப் பாதை 1920களின் இறுதியில் வந்து சேர்ந்தது. சேர்ந்த இடத்திலேயே இன்றளவும் நிற்கிறது. இடைப்பட்ட நமது கரைக்குத் தண்டவாளம் எட்டவேயில்லை. புகைவண்டியின் கூவலைக் கேளாமலே கோமாரியில் மூன்று தலைமுறையினர் வாழ்ந்து மறைந்துள்ளனர்.

மட்டக்களப்புப் பாதையைக் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் நீட்டவேண்டும் என்னும் கோரிக்கை புதியதன்று. நாட்டின் புகையிரத சேவையைப் புதுப்பிக்கவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அக்கோரிக்கையும் எழுகிறது. பேச்சு அடங்கும்போது அதுவும் அடங்குகிறது. அது நிறைவேறும் நாளில் நம்மை ஏமாற்றக்கூடிய ஒரு சிறு கேள்வியைப்பற்றி இன்றே பேசிவைப்பது நலமென நாம் கருதுகிறோம். இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள அகலம் எவ்வளவு என்பதே அக்கேள்வி.

பொறியியலாளர் தீர்க்கவேண்டிய நுணுக்கத்தில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணிப் பொதுமக்கள் வாளாவிருந்த நாடுகளில், ஒரு தலைமுறை மிச்சம்பிடித்த காசை அடுத்த மூன்று தலைமுறைகள் வட்டியுடன் கட்டியிருக்கின்றன.

நமது தீவிலே நடந்ததையே முதலில் நோக்குவோம். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியபோது இந்தியப் பெரும்பாதைகளின் அளவாகிய ஐந்தடி ஆறங்குலமே இங்கும் கைக்கொள்ளப்பட்டது. பின்னர் களனிப் பள்ளத்தாக்குக்குப் பாதை அமைக்க வந்தபோது, தேயிலையும் இறப்பரும் ஏற்றிவர இவ்வளவு அகலம் எதற்கு, செலவைச் சுருக்கலாமே என்னும் கணக்கு மேலோங்கிற்று. அகலம் இரண்டடி ஆறங்குலமாயிற்று. அந்தச் சிறுபாதை 1902இல் அவிசாவளையை எட்டியது. ஒரு கிளை எட்டியாந்தோட்டைக்குச் சென்றது. மற்றொன்று 1912இல் இரத்தினபுரிக்கும் பின்னர் ஓப்பநாயக்கவுக்கும் சென்றது. வளைவுகளையும் ஒடுக்கமாகவே போட்டார்கள். சிறு பாதையின் மலிவு பெரும்பாலும் அந்த வளைவுகளிலேயே இருக்கிறது. குன்றைக் குடையாமலும் பள்ளத்தை நிரப்பாமலும் ஓரமாகச் சுற்றிப் போய்விடலாம்.

முடிவு என்ன? நாட்டின் ஏனைய பாதைகளில் ஓடும் பெட்டி ஒன்றேனும் அப்பாதையில் ஓடமுடியவில்லை; அப்பாதையின் பெட்டியும் வெளியே வரமுடியவில்லை. அதற்கெனத் தனி எஞ்சின், தனிப் பெட்டி, தனிப் பழுதுபார்ப்பு. தெருவிலே லொறி பெருகிய நாளில் அந்த வண்டியால் ஈடுகொடுக்க இயலவில்லை. எட்டியாந்தோட்டைக் கிளை முன்னதாகவே மறைந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்கவரை இருந்ததும் மூடப்பட்டது. எஞ்சிய ஏறத்தாழ அறுபது கிலோமீற்றரை 1990களில் ஐந்தரை அடிக்கு அகலப்படுத்தினார்கள். அகலத்தை மாற்றியவர்களால் வளைவுகளை நிமிர்த்த முடியவில்லை. பெரிய வண்டி சிறு வண்டியின் தடத்திலே இன்றும் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் மலைநாட்டுக்குச் சிறுபாதைதான் பொருந்தும் என்று சாதித்தவர்கள், அதே தீவிலே ஐந்தரை அடிப் பாதை பட்டிப்பொலவில் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தைத் தொட்டதை எவ்வாறு மறந்தார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

கடல் கடந்து போனாலும் கதை இதுவே. நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலே ஆண்டுதோறும் கொடியேற்றும் நம் மக்களுக்கு நாகபட்டினம் அயலூர் போன்றது. அந்நாகபட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1860களின் தொடக்கத்தில் அமைந்த பாதை ஐந்தரை அடியாகவே இருந்தது. 1870இல் மேயோ பிரபுவின் அரசாங்கம் சிக்கனத்தை முன்னிட்டு மீற்றர் அகலத்தைக் கொண்டுவந்தது. 1875இல் நாகபட்டினப் பாதையும் மீற்றருக்குக் குறுக்கப்பட்டது. 1992இல் இந்தியா நாடெங்கும் ஒரே அகலம் என்னும் திட்டத்தை மேற்கொண்டபின் அதே பாதை மறுபடியும் ஐந்தரை அடியாக விரிக்கப்பட்டது. ஒரே மண்ணின்மேல் மூன்று முறை போட்ட பாதையின் செலவைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கப்பிள்ளை எழுதுவான்?

முதியோர் சிலருக்குத் தனுஷ்கோடி வண்டி நினைவிருக்கும். 1914 முதல் 1964இன் புயல்வரை சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்தவர் மீற்றர் பாதையில் வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ஐந்தரை அடிப் பாதையில் கொழும்புக்குப் போனார். கடலின்மேல் பாலமே இருந்திருந்தாலும் வண்டி மாறித்தான் ஆகவேண்டும். இராமேசுவரத்துக்கு 2007இல் அகலப்பாதை வந்தபின்னரே இரு கரைகளின் தண்டவாளமும் ஒரே அளவாயின. பாலம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். அதற்குள் நாம் நுழையவில்லை.

அவுஸ்திரேலியாவில் சிட்னிக்கும் மெல்பேணுக்கும் இடையே பயணம் செய்தவர்கள், இரு மாநிலங்களும் வேறுவேறு அகலத்தில் பாதை போட்டிருந்ததால் 1962வரை எல்லைப்புறத்து ஆல்பரி நிலையத்தில் பெட்டி படுக்கையுடன் இறங்கி வண்டி மாறினார்கள். பயணிக்கு அது ஓர் இரவின் தூக்கம். சம்மாந்துறையிலிருந்து செல்லும் நெல்லுக்கு அதுவே வேறுவிதமான சேதம். மூட்டையை இறக்கவேண்டும், ஏற்றவேண்டும்; கூலி இரு மடங்கு, சாக்குக் கிழிதல், சிந்துதல், மழையில் நனைதல், நாட்கணக்கில் காத்திருத்தல். இவற்றையெல்லாம் விலையிலே கழித்துக்கொண்டு வியாபாரி விவசாயியிடம் பேரம் பேசுவான். அகலம் மாறும் இடத்தின் நட்டத்தைக் கட்டுவது புகையிரதத் திணைக்களமன்று, வயற்காரனே. இன்று நாட்டின் சரக்கில் மிகச் சிறு பங்கையே புகையிரதம் சுமக்கிறது. வழியிலே ஒருமுறை இறக்கி ஏற்றவேண்டுமாயின், லொறிக்காரனை விட்டு எவனும் நிலையத்தை நாடமாட்டான்.

மட்டக்களப்பில் நின்ற பாதையும் செல்வச் செழிப்போடு போடப்பட்டதன்று. மாகோவிலிருந்து கிழக்கே வந்த அதனை அந்நாளில் இலேசுப் பாதை என்றே அழைத்தார்கள். செலவைச் சுருக்க மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் வண்டிக்கும் மோட்டார் வாகனங்களுக்கும் ஒரே பாலமாகக் கட்டினார்கள். பல்லாண்டுகள் நம் மக்கள் பாலத்தின் வாயிலிலே காத்துக்கிடந்தனர். இத்தனை சிக்கனத்திலும் அகலத்தை மட்டும் அவர்கள் தொடவில்லை. ஆகவே பாலங்களைப் பின்னர் பிரித்துக்கொள்ள முடிந்தது. கொழும்புக் கோட்டையில் புறப்படும் வண்டி ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடி மட்டக்களப்பில் வந்து நிற்கவும் முடிகிறது. சிக்கனம் செய்யத் தெரிந்தவர்கள் என்று அவர்களை நாம் மதிக்கிறோம்.

இனி, மறுபுறத்து வாதத்தையும் தட்டிக்கழித்தல் ஆகாது. உலகத்துப் பாதைகளில் பெரும்பகுதி நான்கடி எட்டரை அங்குலம். அதிவேக வண்டிகள் அவ்வகலத்திலேயே பறக்கின்றன. பழைய ஐந்தரை அடியை விட்டு அதற்கு மாறுவதே முன்னேற்றம் என்பாரும் உளர். தண்டவாளமே இல்லாத நாடொன்று நம்மிடம் ஆலோசனை கேட்குமாயின் நாமும் அவ்வகலத்தையே சொல்லக்கூடும். ஆனால் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் பாதையும் அதற்குரிய எஞ்சின்களும் இரத்மலானை வேலைத்தலமும் உள்ள நாட்டிலே, ஒன்பதரை அங்குல வேறுபாட்டுக்காக ஒரு கரையைத் தனித்தீவாக்குவது என்ன மதி? கென்யாவிலே பழைய மீற்றர் பாதைக்கு அருகே சீனக் கடனில் நான்கடி எட்டரை அங்குலப் புதுப்பாதை போட்டார்கள். 2017இல் மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் இடையே வண்டி ஓடிற்று. 2019இல் நைவாஷாவரை போயிற்று. உகண்டா எல்லையை அடையுமுன் பணம் நின்றது, பாதையும் நின்றது. யப்பான் தனது மூன்றரை அடிப் பாதைகளை விட்டுவைத்து 1964இல் அதிவேக வண்டிக்குத் தனிப்பாதை போட்டது உண்மையே. தோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் இடையே மொய்க்கும் கூட்டத்தைக் கணக்கிலே கொண்டு போட்டார்கள். கல்முனையின் சனநெரிசலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அது ஓசாகா ஆகிவிடவில்லை.

நமது ஐந்தரை அடி அநாதை அளவுமன்று. இந்தியா, பாகிஸ்தான் ஆகியவற்றின் பெரும்பாதை அதுவே. சென்னை பெரம்பூரிலே பெட்டிகள் அவ்வளவிலேதான் உருவாகின்றன. சீனத்துத் தொழிற்சாலைகளும் நமது அளவுக்குச் சக்கரம் பூட்டி நமக்கு வண்டி அனுப்பியிருக்கின்றன. அகலம் பழையதாயின் வேகமும் பழையதாகும் என்பதும் பொய். போரிலே அழிந்த வடபாதையை இந்திய உதவியுடன் திரும்பப் போட்டபோது அதே அகலத்திற்றான் போட்டார்கள். 2014இல் யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டது. மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேல் ஓடத்தக்க பாதை அது. 2019இல் மாத்தறையிலிருந்து பெலியத்தவுக்குச் சீன உதவியுடன் நீட்டிய பாதையும் அதே அகலம். வடக்குக்கும் தெற்குக்கும் ஆகிய அளவு கிழக்குக்கு ஆகாதா?

நமது கரையிலே சிறு பாதையின் ஒரே நன்மையும் செல்லாது. குன்றும் குகையும் இங்கில்லை, உள்ளங்கைபோல் சமநிலம். ஒடுங்கிய வளைவினால் மிச்சமாவது ஏதுமில்லை. இங்கே செலவெல்லாம் வேறிடத்தில் இருக்கிறது. வாவியைக் கடந்து எழுவான்கரையால் வருவதா, மேற்கே படுவான்கரையால் இறங்கிச் சவளக்கடைப் பக்கம் திரும்புவதா என்பது முதற் சிக்கல். மாரியிலே கிட்டங்கித் தாம்போதி படும்பாட்டை அறியாதார் இல்லை. அப்பக்கம் வருமாயின் மேட்டணையும் பாலமும் வேண்டும். பெரியநீலாவணையிலிருந்து காரைதீவுவரை வீடும் கடையும் பள்ளியும் கோயிலும் நெருங்கியிருக்கும் நிலத்திலே காணி எடுத்தல் அதனினும் கடினம். தண்டவாளத்தை மூன்றடி நெருக்கிப் போடுவதால் பாலத்தின் தூண் குறையப் போவதில்லை. எடுக்கும் காணியும் பெரிதாய்க் குறையாது. கரையை ஆராயாமல் அவசரப்படுவது என்ன செய்யும் என்பதற்கு ஒலுவில் துறைமுகம் நம் கண்முன்னே இருக்கிறது. 2013இல் திறந்தார்கள், வாயை மணல் மூடிற்று.

ஆகவே நமது வேண்டுகோள் இரண்டு. மட்டக்களப்புக்குத் தெற்கே பாதை நீளுமாயின் அது கொழும்புவரை ஓடும் அதே ஐந்தரை அடியாக இருக்கவேண்டும். கடன் தரும் நாட்டின் சரக்குப் பட்டியலைப் பார்த்து அகலம் தீர்மானிக்கப்படலாகாது. அடுத்து, பணம் இன்றில்லையேல் பாதை நாளை வரட்டும். காணி மட்டும் இன்றே அளந்து ஒதுக்கப்படவேண்டும். நேரான தடமாகவும், பிற்காலத்தில் இரண்டாவது பாதை போட இடமுள்ளதாகவும் அது இருக்கட்டும். காணி இழப்போருக்கு உரிய விலை உரிய காலத்தில் கிடைக்கட்டும். திருக்கோவிலுக்குத் தெற்கே கோமாரிவரை இன்னும் வெளி இருக்கிறது. கல்முனையிலே அது ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது. இன்னும் பத்தாண்டு கழித்து அளக்க வருபவர் வளைந்து வளைந்துதான் போகவேண்டியிருக்கும்.

கிழக்கு மாகாணத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், இந்த அளவைப் பணிக்கு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பணம் கேட்பார்களா என்பதை நாம் பார்த்திருப்போம். அறிக்கை ஒன்று வெளிவருமாயின், நிலையங்களின் பெயர்ப் பட்டியலுக்கு முன்னதாகத் தண்டவாளத்தின் அகலம் எழுதப்பட்ட வரியையே நாம் தேடுவோம்.