கொரிய மொழியைத் தமிழில் கற்பிக்க ஏன் தயக்கம்?

மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரையிலான எமது கரையோர ஊர்களில் வெளிநாட்டு உழைப்பு என்றால் பல்லாண்டுகளாக வளைகுடா நாடுகளே நினைவுக்கு வந்தன. தென்கொரியா 2004ஆம் ஆண்டில் தொழில் அனுமதி முறைமையைத் தொடங்கி, முதலில் உடன்பாடு கண்ட நாடுகளுள் இலங்கையையும் சேர்த்துக்கொண்ட பின் இன்னொரு வழியும் திறந்தது. அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அங்கு உழைக்கும் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகவே செல்லலாம். ஆனால் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறான். அவன் பெயர் கொரிய மொழிப் பரீட்சை.

அந்தப் பரீட்சைக்குக் கல்முனை இளைஞன் ஆயத்தமாவது எப்படி? நாட்டில் கொரிய மொழி வகுப்புகளும் கையேடுகளும் பெரும்பாலும் சிங்கள வழியிலேயே அமைந்துள்ளன. தமிழ் மொழியில் படித்து வந்தவன், கொரியச் சொல்லுக்குச் சிங்களத்தில் பொருள் எழுதி, அதைப் பின்னர் தமிழுக்கு மாற்றி மனனம் செய்கிறான். சுமை இரட்டிப்பாகிறது. சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள் என்று அரசியலமைப்பு கூறும் நாட்டில் இது நியாயமா என்பதே என் கேள்வி.

வேதனை என்னவென்றால், தமிழ் வழியாகக் கற்பது எளிது. "நானுன் பாபுல் மொகொயோ" என்றால் "நான் சோற்றை உண்கிறேன்". நானுன் – நான். பாபுல் – சோற்றை. மொகொயோ – உண்கிறேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, வினை இறுதியில் நிற்கிறது. "வா", "வாருங்கள்" என்று ஆளறிந்து பேசும் எமக்கு, மரியாதைக்கேற்ப வினைமுடிவு மாறுவதும் புதிதன்று. ஆங்கிலத்தில் "ஐ ஈட் ரைஸ்" என்று தலைகீழாகப் பழகிய சிரமம் இங்கில்லை. இதைக் கண்டுதான் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூலொன்று எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர் ஏற்பதில்லை. ஆயினும் படிப்பவனுக்கு இந்த ஒற்றுமை பெரும் உதவி.

கடினமானவையும் உண்டு. எண்களுக்கு இரு வரிசைகள்: மூன்று மணி என்பதற்கு "செ சி", மூன்று நிமிடம் என்பதற்கு "சாம் புன்". மணிக்குக் கொரியச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீனத்திலிருந்து வந்த எண். ஒலிகளிலும் இடறல் உண்டு. நெருப்பு, புல், கொம்பு ஆகிய மூன்றுக்கும் உரிய கொரியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் "புல்" என்றே வரும். காதிலோ மூன்றும் வேறு. தொழிற்சாலையில் யாராவது "நெருப்பு" என்று கத்தும்போது புல்லை நினைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

ஆகவே ஆரம்ப மாணவருக்கு நான் கூறுவது: இங்கே அச்சு வசதிக்காக நான் செய்ததை நீங்கள் கொப்பியில் செய்யாதீர்கள். முதல் வாரத்திலேயே எழுத்தைப் பழகுங்கள். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட அந்த எழுத்தில் அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10, அவ்வளவுதான். எமது மூத்தோர் அறபு எழுத்தில் தமிழை எழுதி "அறபுத் தமிழ்" என்றொரு மரபையே வளர்த்தவர்கள். புதிய எழுத்துக்கு அஞ்சும் சமூகமன்று இது.

இன்னொன்று. பழைய வினாத்தாள்களை மட்டும் உருப்போட்டுத் தேறுவோர் இருக்கிறார்கள். முதற்கட்டத் தேர்வு வாசித்தலையும் கேட்டலையும் மாத்திரமே சோதிப்பதால் அது இயலக்கூடியதே. ஆனால் தேறினால் வேலை உறுதியில்லை. அங்குள்ள முதலாளி தெரிவு செய்தால்தான் பயணம். சென்றபின் "விஹொம்" (ஆபத்து) என்ற பலகையை வாசிக்கவும், "வொல்குப்" (சம்பளம்) குறைந்தால் கேட்கவும், தட்டில் இருப்பது "துவேஜி கோகி" (பன்றி இறைச்சி) தானா என்று விசாரிக்கவும் பரீட்சைப் புள்ளி உதவாது, மொழிதான் உதவும்.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. பணியகம் தமிழ் விளக்கத்துடன் கூடிய கையேட்டை வெளியிட வேண்டும். சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ மாலை வகுப்பு தொடங்கலாம். கொரியாவில் உழைத்துத் திரும்பிய எமது இளைஞரையே ஆசிரியராக அமர்த்தலாம். சென்னையில் 2006 முதல் இயங்கும் இன்கோ சென்டர் கொரிய மொழி கற்பிக்கிறது. அங்கு பயின்ற தமிழர் பாடநூல் எழுதக் கைகொடுக்கலாம். பள்ளிவாசல் சம்மேளனங்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் பணியகத்தின் கதவைத் தட்டட்டும். அந்நாட்டு விதிப்படி விண்ணப்பிக்கும் வயதெல்லை 39. நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவரின் வாய்ப்பு முடிந்துபோகிறது.